அழகம்மாள் ஏறிய மலை

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்வாசலைத் தாண்டியதுமே ஏற்றம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து, மலைமேல் ரமண மகரிஷி முன்பு தங்கியிருந்த ஸ்கந்தாசிரமம் வரை கல் பதித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டோம். மலையே லிங்கம் என்று கும்பிடுகிற ஊரில் அதன்மேல் செருப்புக் காலோடு நடக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. மூன்று மணி வெயிலில் கல் நன்றாகவே சுட்டது. "ஓரமா மண்ணுல கால் வச்சு வாடி" என்று சொல்லிக்கொண்டே அம்மா முன்னால் போனாள்.

கொஞ்ச தூரத்திலேயே மரங்கள் சூழ்ந்துகொண்டன. ரமணர் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அவற்றில் அருணாசலம் என்கிற இந்த மலை ஏறக்குறைய மொட்டை மலை, பாறையும் புல்லும்தான். 1980களின் இறுதியிலிருந்து பலர் சேர்ந்து கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, கோடைத் தீ பரவாமலிருக்கப் புல்லை அகலமாகச் செதுக்கி இடைவெளி விட்டுக் காப்பாற்றிய காடு இது. கோயிலுக்குக் கோபுரம் கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இந்த நிழலைத் தந்தவர்களையும் நினைத்து ஒரு கும்பிடு போடலாம், தப்பில்லை. பாறை இடுக்குகளில் எலுமிச்சைப்புல் இன்னும் இருக்கிறது. உரசிக்கொண்டு போனாலே வாசம் வருகிறது. காய்ந்தால் முதலில் பற்றிக்கொள்வதும் அதுதான்.

ஒரு திருப்பத்தில் பெரியவர் ஒருவர் மாக்கல்லில் விரல் நீள லிங்கம் செய்துகொண்டிருந்தார். அரத்தால் நாலு இழுப்பு, வாயால் ஒரு ஊதல், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு. அவர் வேட்டி, முழங்கால், இமை முடி எல்லாம் வெள்ளைத் தூள். அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அப்புறம் கேட்டாள்: "அந்தம்மா இந்த வயசுல எப்படிடி இங்க ஏறியிருப்பாங்க?"

அந்தம்மா என்றது ரமணரின் தாயார் அழகம்மாளை. மகன் 1896ல் பதினாறு வயதில் மதுரை வீட்டை விட்டு இங்கே வந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துப் பவழக்குன்றில் அவரைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று தாயார் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"பெத்தவளுக்குச் சீட்டா!" என்றாள் அம்மா. பக்தர்கள் இந்த இடத்தை ஞானத்தின் உறுதி என்று சொல்வார்கள். எனக்கும் அது புரிகிறது. ஆனால் அம்மாவின் கோபமும் நியாயமாகத்தான் பட்டது.

பாதை கிழக்கே வளைந்ததும் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. கால் சூடு அடங்கியது. ஒரு பெரிய பாறையில் ஏறி நின்றால் கோயிலின் ஒன்பது கோபுரங்களும் தெரிகின்றன. கீழே அண்ணாந்து பார்க்கிற 217 அடி ராஜகோபுரத்தை இங்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்கந்தாசிரமம் சின்ன இடம்தான். பாறையை ஒட்டிய கட்டடம், தென்னை, சுனை நீர். கந்தசாமி என்ற பக்தர் முன்னின்று உருவாக்கியதால் இந்தப் பெயர். 1916 முதல் 1922 வரை ரமணர் இங்கே இருந்தார். மகனோடு வந்து தங்கிவிட்ட அழகம்மாள் இங்கே சமையலைப் பார்த்துக்கொண்டார். தாய் என்று தனிச்சலுகை எதுவும் கிடையாது. எல்லாப் பெண்களும் எனக்குத் தாய்தான் என்று சொல்லிவிட்டார் மகன்.

ஆனால் 1922 மே 19 அன்று தாயாரின் கடைசி நேரத்தில், ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி, இரவு உயிர் அடங்கும்வரை மகன் பக்கத்திலேயே இருந்தார். அந்த அறையை இன்றும் பார்க்கலாம். நாலைந்து பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வெளியே குரங்குகளிடமிருந்து பையைக் காத்துக்கொண்டிருந்தேன். மூடும் நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எழுந்து வந்தாள்.

தாயாரின் சமாதி மலையடிவாரத்தில் அமைந்தது. ரமணர் இங்கிருந்து அடிக்கடி இறங்கிப் போய்வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆசிரமம் அதைச் சுற்றி வளர்ந்ததுதான்.

இதைச் சொல்லிவிட்டு, "விரூபாட்ச குகை வழியா இறங்கலாமாம்மா? பேய்க்கோபுரத்துக்கிட்ட போய்ச் சேரலாம்" என்றேன்.

"குகை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். வந்த வழியே போலாம் வா. கீழ அந்தம்மா சந்நிதியை நடை சாத்துறதுக்குள்ள பாத்துடணும்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக இறங்க ஆரம்பித்தாள்.