நான்கு ஸ்க்ரூவும் ஒரு வருடமும்

எனக்கு முதலில் வலித்தது முதுகு இல்லை, கால். பத்து நிமிடம் நடந்தால் வலது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பக்கவாட்டில் இறங்கி, பாதத்தின் மேல்புறம் வரை ஒரு கனம் ஏறும். எங்காவது உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் குனிந்தால் இரண்டே நிமிடத்தில் விட்டுவிடும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி போனால் வெகுதூரம் நடக்க முடியும். நிமிர்ந்து நடந்தால் முடியாது. ஒன்றரை வருடம் இதை ரத்த ஓட்டக் குறைவு என்று நானாகவே நினைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். குனிந்தால் நிம்மதி கிடைப்பதே ஒரு அடையாளம் என்று அப்போது தெரியாது. இடுப்பில் நரம்பு போகும் பாதை குறுகிப்போனவர்களுக்கு, முன்னால் சாயும்போது அந்தப் பாதை கொஞ்சம் விரியுமாம்.

எம்ஆர்ஐ எடுத்ததில் வந்த பெயர் ஸ்பாண்டிலோலிஸ்தீசிஸ். நான்காவது இடுப்பு முள்ளெலும்பு, ஐந்தாவதின் மேல் முன்னோக்கிச் சறுக்கியிருந்தது. கீழே இருக்கும் எலும்பின் மேற்பரப்பை நான்கு பங்காக வைத்து, எத்தனை பங்கு சறுக்கியிருக்கிறது என்று தரம் சொல்கிறார்கள். கால் பங்குக்குள் இருந்தால் முதல் தரம். எனக்கு முதல் தரம். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு எல்4-எல்5 என்று சொல்லும் இந்த இடத்தில்தான் இது அதிகம் வருகிறது. எனக்கு அப்போது 56. முதல் தரம் என்றதும் சின்ன விஷயம்போலப் பட்டது. ஆனால் சறுக்கலின் அளவும் வலியின் அளவும் கைகோத்துப் போவதில்லை. கொஞ்சம் சறுக்கினாலும் நரம்பு நசுங்கினால் நசுங்கியதுதான்.

ஆறு மாதம் உடற்பயிற்சி சிகிச்சை, நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி ஒரு முறை. ஊசி ஐந்து வாரம் தாங்கியது. அதற்குப் பிறகுதான் அறுவை சிகிச்சை என்ற பேச்சே வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் சட்டென்று "ஸ்க்ரூ போட்டு ஃபிக்ஸ் பண்ணிடலாம்" என்றார். எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. இன்னொருவரிடம் போனேன். இதைப் படிக்கும் யாருக்காவது அறுவை சிகிச்சை சொல்லியிருந்தால் இந்த ஒரு காரியத்தைத் தயவுசெய்து செய்யுங்கள். இரண்டாவது மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "நரம்பை மட்டும் விடுவிச்சா போதாதா? உலோகம் எதுக்கு?"

அந்தக் கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. இது உலகம் முழுக்க மருத்துவர்களே விவாதிக்கிற விஷயம்தான் என்றார். 2016இல் வந்த ஸ்வீடன் ஆய்விலும் 2021இல் வந்த நார்வே ஆய்விலும், இப்படிச் சறுக்கல் உள்ளவர்களுக்கு நரம்பை அழுத்தும் எலும்பை எடுத்துவிட்டாலே போதும், ஸ்க்ரூ சேர்த்ததால் பெரிய கூடுதல் பயன் தெரியவில்லை என்று வந்திருக்கிறது. அதே 2016இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, ஸ்க்ரூ போட்டவர்களுக்குக் கொஞ்சம் நன்மை இருப்பதாகச் சொன்னது. "அதனால ஆளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லி, என்னை நிமிர்ந்தும் குனிந்தும் நிற்கவைத்து இரண்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குனிந்த படத்தில் சறுக்கல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிகமாக இருந்தது. எலும்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை, அசைந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் பின்பக்க எலும்பையும் எடுத்தால் அசைவு இன்னும் கூடும், அதனால்தான் எனக்குப் பிடிமானம் தேவை என்றார். அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு எனக்கு மறுப்பு இருக்கவில்லை.

அப்புறம் அவர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை வைத்து, என் உடம்புக்குள் போகப்போவதைக் காட்டினார். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பக்க உருளையையும் பின்பக்க வளைவையும் இணைக்கிற குட்டிப் பாலம் மாதிரி இரண்டு தூண்கள் உண்டு. பெடிக்கிள் என்று பெயர். அதன் வழியாகத்தான் ஸ்க்ரூ உள்ளே போகிறது. அந்தத் தூணை ஒட்டியே, உள்பக்கமும் கீழ்ப்பக்கமும் நரம்பு ஓடுகிறது. சில மில்லிமீட்டர் தவறினால் நரம்பில் படும். ஸ்க்ரூவின் தலை எந்தப் பக்கமும் சாயும்படி அமைந்திருக்கிறது, அந்தத் தலைக்குள் ஸ்க்ரூக்களை இணைக்கும் கம்பியை உட்காரவைத்து மேலே ஒரு மூடித் திருகால் இறுக்குவார்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில், மெத்தைபோல இருக்கும் வட்டை (டிஸ்க்) எடுத்த இடத்தில், கேஜ் என்ற சின்னக் கூடு. நரம்பை விடுவிக்க எடுக்கும் என் சொந்த எலும்பையே பொடித்து அதற்குள்ளும் சுற்றியும் வைப்பார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அவர் சொன்னதுதான் அடுத்த ஒரு வருடத்துக்கும் என்னைப் பிடித்துவைத்தது. "ஸ்க்ரூ உங்களைக் குணப்படுத்தாது. எலும்பு ஒட்டுற வரைக்கும் அசையாம பிடிச்சுக்கும், அவ்வளவுதான். எலும்பு ஒட்டலைன்னா, என்ன உலோகமா இருந்தாலும் ஒருநாள் தளரும், இல்ல உடையும்."

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். உலோகம் இல்லாமல் எலும்பை மட்டும் ஒட்டவைத்த காலமும் இருந்திருக்கிறது. 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரண்டு மருத்துவர்கள், காசநோயால் முதுகெலும்பு கரைந்தவர்களுக்கு உலோகமே இல்லாமல் எலும்பை மட்டும் ஒட்டவைத்தார்கள். நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. பிற்பாடு பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குக் கம்பி வைக்க ஆரம்பித்தார். முதலில் எலும்பு ஒட்டு சேர்க்காமல் கம்பியை மட்டும் வைத்தபோது, அதை எலும்பில் மாட்டிய கொக்கிகள் விலகின, கம்பிகள் உடைந்தன. பிறகு ஒட்டையும் சேர்த்தார். பெடிக்கிள் வழியாக ஸ்க்ரூ போட்டுத் தகட்டோடு பிணைக்கும் முறையை 1963இல் பாரிஸில் ராய்-கமீ தொடங்கினார். சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோலத்தான் இது. முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரைக் கட்டாமல் விட்டால் முட்டு எத்தனை நாள் தாங்கும்?

அப்படியென்றால் என் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8. மைனஸ் 2.5ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை, நான் அதற்கு முந்தைய நிலையில் இருந்தேன். வைட்டமின் டியும் குறைவு. உளுத்த மரத்தில் திருகாணி பிடிக்காது என்பது தச்சுவேலை பார்த்த யாருக்கும் தெரியும், எலும்பிலும் அதேதான். அறுவை சிகிச்சையை மூன்று மாதம் தள்ளிவைத்தார். வலியோடு இருந்த எனக்கு அந்த மூன்று மாதம் கொடுமை. இருந்தாலும், தள்ளிவைக்கத் தயங்காத மருத்துவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். புகைபிடிப்பேனா, புகையிலை போடுவேனா என்று மூன்று முறை கேட்டார்கள். நிக்கோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, குப்புறப் படுக்கவைத்து நான்கு மணிநேரம் என்று பிறகு சொன்னார்கள். கண் விழித்ததும் ஒருவர் "கால் கட்டைவிரலைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். வலது, இடது இரண்டும். அந்தச் சின்ன அசைவுக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. முதுகு எரிந்தது. ஆனால் காலில் இருந்த கனம் போயிருந்தது! ஒன்றரை வருடத்துக்கு மேல் கூடவே இருந்த ஒன்று அப்படிக் காணாமல் போகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தோளும் இடுப்பும் சேர்ந்து, ஒரு மரக்கட்டையை உருட்டுவதுபோல மொத்தமாக ஒருபக்கம் திரும்ப வேண்டும். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பே வீட்டில் இதைப் பழகியிருந்தால் அந்த முதல் நாள் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். இன்னொன்றும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: வலி மருந்துகள் மலச்சிக்கலை உண்டாக்கும், முக்கும்போது முதுகில் வலி தெறிக்கும். அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கோப்பில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஸ்க்ரூ நான்கு, 6.5 மி.மீ. குறுக்களவு, 45 மி.மீ. நீளம். கம்பி இரண்டு, 5.5 மி.மீ. எல்லாம் டைட்டானியக் கலவை. ஒவ்வொன்றிலும் தயாரிப்புத் தொகுதி எண். என் மகள் அதையெல்லாம் படம் எடுத்து வைத்தாள். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தாலோ மறுபடி முதுகைத் திறக்க வேண்டியிருந்தாலோ முதலில் கேட்பது இந்த விவரத்தைத்தான். உங்களுக்குத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உடம்புக்குள் இருக்கிற பொருள்.

குனியாதே, கனம் தூக்காதே, இடுப்பைத் திருப்பாதே. மூன்று மாதத்துக்கு இதுதான் வேதம். நடை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும். ஏழாவது வாரம் உடம்பு நன்றாக இருந்த ஒரு காலையில், மறந்துபோய் ஒரு வாளித் தண்ணீரைப் பக்கவாட்டில் திரும்பித் தூக்கிவிட்டேன். சுளீரென்று ஒரு வலி. வாளியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றேன். அன்றே எக்ஸ்ரே. ஸ்க்ரூ எதுவும் நகரவில்லை, தசைப்பிடிப்புதான். ஆனால் அந்த இரவு முழுக்கத் தூங்கவில்லை. வலி குறைவது எலும்பு ஒட்டியதற்கு அடையாளம் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஏழாவது வாரத்தில் எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது உலோகம்தான்.

ஆறாவது மாத எக்ஸ்ரேயில் கம்பியும் ஸ்க்ரூவும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. கேஜ் தெரியவே இல்லை, அது எக்ஸ்ரேயில் தெரியாத ஒருவகைப் பிளாஸ்டிக். இடம் காட்டுவதற்காக அதில் பதித்த டான்டலம் என்ற உலோகத்தின் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. மருத்துவர் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஏதாவது இருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார். வளையம் இருந்தால் ஸ்க்ரூ ஆடுகிறது என்று அர்த்தம். இல்லை. ஒட்டியிருக்கிறதா என்று கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது, காத்திருங்க" என்றார். இந்தப் பயணத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். காயம் ஆறிவிட்டது, வேலைக்குப் போய்விட்டேன், பார்ப்பவர்கள் "நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். உள்ளே நடப்பது மட்டும் தெரியாது. சும்மா நடந்துகொண்டே இருந்தேன், காலையும் மாலையும். வைட்டமின் டியை ஒருநாளும் விடவில்லை.

பன்னிரண்டாவது மாதம் சி.டி. ஸ்கேன். கேஜுக்குள்ளே, மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்பு வரை, இடைவெளி இல்லாமல் சாம்பல் வெள்ளையில் ஒரு தூண். மருத்துவர் பேனா முனையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அது என் எலும்பு. போன வருடம் அங்கே இல்லை. இனி ஸ்க்ரூவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். தொந்தரவு இல்லாதவரை எடுக்கத் தேவையில்லை, எடுப்பதற்காக இன்னொரு முறை முதுகைத் திறப்பதுதான் தொந்தரவு என்றார்.

வலது பாதத்தின் மேல்புறம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. நசுங்கிக் கிடந்த நரம்பு, இனி அந்த உணர்ச்சி திரும்பாமலே போகலாம். செருப்பு மாட்டும்போது தெரியும், நடக்கும்போது தெரியாது. இரண்டு எலும்பு ஒன்றாகிவிட்டதால், அதற்கு மேலே இருக்கும் எல்3-எல்4க்குச் சுமை கூடுமாம். அடுத்த வருடம் அதைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.