ஓலையில் ஒன்று கீறினால் கிழிகிறது

பூநகரியில் பனைக்குப் பஞ்சமில்லை. இருந்தும் ஓலையில் எழுதிப் பார்க்கிற ஆசை எனக்கு வந்தது ஒரு கலியாணக் கடுதாசியால்தான். அதில் ௵, ௴, ௳ என்று வருடம், மாதம், நாளுக்கான குறிகள் இருந்தன. பக்கத்தில் இலக்கங்கள் மட்டும் 1, 2, 3. குறி பழசு, எண் புதுசு. சரி, எண்ணையும் பழைய மாதிரியே எழுதினால் எப்படி இருக்கும்?

முதல் வாரம் முழுக்க வீண். முற்றின ஓலையை நறுக்கி ஊசியை வைத்தேன், மொறமொறவென்று உடைந்தது. பக்கத்து வளவு ஆச்சி பாய் இழைக்கிறவர். எட்டிப் பார்த்துவிட்டு, "அது வேலி அடைக்கிற ஓலையடா தம்பி. சார்வோலை எடு" என்றார். அந்த இளம் ஓலையில் அவரே ஒரு கட்டுத் தந்தார். ஈர்க்கு நீக்கி, மஞ்சள் போட்டு அவித்து, நிழலில் காயவிட்டு, கூழாங்கல்லால் தேய்த்தேன். எழுத்தாணிக்குப் பதிலாக, மரப்பிடியில் செருகிய சாக்கு ஊசி.

இரண்டாம் வாரம் சுலபமானதில் தொடங்கலாம் என்று பழைய கல்வெட்டுகளில் வரும் பிராமி எண்களை எடுத்தேன். ஒன்றுக்கு ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. இதைவிட எளிதாக என்ன இருக்கிறது? கல்லில் வெட்டினவனுக்கு எளிதுதான். ஓலையின் நரம்பும் அதே கிடையாக ஓடுகிறதே! மூன்றாம் கோடு முடிவதற்குள் நறுக்கு நீளவாட்டில் பிளந்துவிட்டது.

கோபத்தில் அதே கோடுகளைக் கடுதாசியில் பேனையை எடுக்காமல் வேகமாக எழுதினேன். இரண்டு கோடும் ஒட்டி 2 மாதிரி வந்தது, மூன்றும் ஒட்டி 3 மாதிரி. இந்தியாவில் பிறந்து, அரபுக்காரர் கை வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 1202இல் இத்தாலியக் கணித அறிஞர் பிபனாச்சியின் கணக்குப் புத்தகத்தில் ஏறின எண்கள் இவை. 2, 3 இரண்டும் அவசரக்காரக் கைகள் கோர்த்துவிட்ட கோடுகள் என்பதை நூறு தடவை வாசித்திருப்பேன். கை செய்த பிறகுதான் நம்பினேன்.

அப்புறம் தமிழ் எண்கள். ௨ (2) வழுக்கிக்கொண்டு போனது. ௩ (3), ௯ (9) கூடப் பரவாயில்லை, வளைவு நரம்பைக் குறுக்கே கடந்துவிடுகிறது. ௧ (1) இன் கிடைக்கோடுதான் தொல்லை. சற்றுச் சாய்த்து எழுதினால் கிழியவில்லை. வலது கையை அசைக்காமல் இடது கையால் ஓலையை நகர்த்த வேண்டும் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து கறுப்பாக மேலே வருகிறது. அந்த நொடிக்காகவே இந்தப் பாட்டைப் படலாம்.

௧ பார்க்க க போல, ௨ உ போல, ௫ (5) ரு போல. பெயரின் முதல் எழுத்தோ என்று தேடினால் ஏழுக்கு எ ஒத்துவருகிறது, ஒன்றுக்குக் க எங்கே வந்தது? எழுத்தும் எண்ணும் ஒரே கையில் புழங்கி ஒரே சாயலுக்கு வந்திருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது, பழைய முறையில் சுழியமே தேவைப்படாததுதான். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். 108 என்றால் ௱௮, 1008 என்றால் ௲௮, இரண்டே குறி. ஆனால் 1998 எழுதப் போனால் ௲௯௱௯௰௮ என்று ஆறு குறி, என் நறுக்கில் இடமே போதவில்லை. தமிழ்ச் சுழியம், கணினி எழுத்துகளுக்கான யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான்.

நாலாம் வாரம் ஆச்சி தன் வயதை எழுதித் தரச் சொன்னார். 82. எழுதினேன்: ௮௰௨. உருப்படியாக வந்த முதல் நறுக்கு அதுதான், ௰ இல் மட்டும் ஒரு சின்ன வெடிப்பு. அவர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதிலே எது எண்பது, எது ரெண்டு?"

காட்டினேன். வெடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.