மிஞ்சிய இறைச்சியில் சூடான சாண்ட்விச்

நேற்று மிஞ்சிய இறைச்சி இன்று சாண்ட்விச்சுக்குள் நார்நாராக வறண்டுபோகிறது என்றால், பெரும்பாலும் அதை மறுபடி சமைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அதுதான் ஏற்கெனவே வெந்துவிட்டதே! இப்போது அதற்கு வேண்டியது சூடும் கொஞ்சம் ஈரமும். ரொட்டிக்கோ அந்த ஈரமே ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவே தடுப்புப் போடத் தெரிந்தால் போதும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும், குளிர்ச்சி போகுமுன் நறுக்கிவிடுங்கள். சூடான இறைச்சி கத்தி பட்டால் பிய்யும். குளிர்ந்தது 2–3 மில்லிமீட்டர் மெல்லிசாகக்கூட அழகாக வரும். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கடியிலேயே முழுத் துண்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். கோழித் தொடையாக இருந்தால் கத்தியே வேண்டாம், கையால் உதிர்க்கலாம்.

இரண்டு சாண்ட்விச்சுக்கு 200 கிராம் இறைச்சி போதும். ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சிறு தீயில் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இருபது நிமிடமாவது ஆகும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடுவில் பச்சையாகவே நிற்கும். ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி, மாவு வாடை போக 2 நிமிடம் கிளறி, 180 மில்லி சூடான எலும்புச் சாறைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கரண்டியின் முதுகில் படிந்து நிற்பதே பதம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். இறைச்சி, சாறு, சீஸ் மூன்றிலுமே ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

பிறகு இறைச்சியைப் போட்டு, ஆவி பறக்கும் சூட்டில் 3–4 நிமிடம் வையுங்கள். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். மெல்லிய துண்டுக்கு இந்த நேரம் போதும். தளதளவெனக் கொதித்தால் நார் சுருங்கி, இருக்கிற சாறையும் பிழிந்துவிடும். மைக்ரோவேவ் செய்வதும் இதைத்தான்.

பழைய இறைச்சிக்கென்று ஒரு வாடை உண்டு. கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் வருவது அது. இறைச்சியிலுள்ள இரும்பு அதைத் துரிதப்படுத்தும். அதனால்தான் பெரிய துண்டாகவே இறுக்கமாக மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் நறுக்க வேண்டும். அப்படியும் வாடை தட்டினால், அரைத் தேக்கரண்டி கடுகு விழுதோ சில சொட்டு வினிகரோ கிரேவியில் சேருங்கள்.

ரொட்டி ஒருநாள் பழையதாக, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் இருப்பது நல்லது. புது ரொட்டி கிரேவி பட்டதும் கூழாகிவிடும். உள்பக்கத்தை முதலில் வெறுமனே வாட்டி, அதன்மேல் துருவிய சீஸ் தூவுங்கள். அந்த வாட்டலும் சீஸும்தான் தடுப்பு. இறைச்சியைக் கிரேவி வடித்து அடுக்கி, வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, மூடிபோட்டுச் சிறு தீயில் பக்கத்துக்கு 3 நிமிடம். தீ அதிகமானால் ரொட்டி கருகும், சீஸ் உருகாது. கரண்டியால் அழுத்த வேண்டாம், கிரேவி பிதுங்கிவிடும். மீதிக் கிரேவியைத் தொட்டுக்கொள்ளத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போன இறைச்சியை மட்டுமே இதற்கு எடுங்கள். அதிலும் நான்கு நாளைத் தாண்டியது வேண்டாம்.