மார்கழி விராலும் 450 ரூபாய் தவளையும்

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வயிற்றெரிச்சல் அடங்காது. தக்கலையிலிருந்து, மீன் பிடிக்கலாம் என்று நண்பன் சொன்ன குளத்துக்கு நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டார். என் தோளில் தொங்கிய நீளப் பையைப் பார்த்ததுமே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிட்டது போல. கெஞ்சிக் கூத்தாடி 250. குளக்கரையில் இறங்கித் திரும்பினால் பின்னாலேயே மினி பஸ் வருகிறது!

எல்லாம் அமெரிக்க மீன்பிடி வீடியோக்கள் பார்த்த வினை. ஃபுளோரிடா ஏரிகளில் குளிர்காலம்தான் பாஸ் மீனுக்குச் சீசன். வடக்கே ஏரிகள் உறைந்து கிடக்கும் நாளில், ஃபுளோரிடாவில் தண்ணீர் 16, 18 டிகிரிக்கு வந்தாலே பெரிய பெட்டை மீன்கள் முட்டையிடக் கரையோரம் ஏறிவிடும். நம் குளங்களில் பாஸ் கிடையாது, ஆனால் விரால் இருக்கிறதே. அதுவும் செடிக்குள் பதுங்கி இரைமேல் பாய்கிற ரகம்தான். சரி, மார்கழி லீவில் ஒரு கை பார்த்துவிடலாம் என்று 2,800 ரூபாய்க்குத் தூண்டில் கம்பும் ரீலும், இரைக்குப் பதிலாகக் கட்ட 450 ரூபாய்க்கு ஒரு ரப்பர் தவளையும் வாங்கினேன். அந்த மாத பட்ஜெட் அதோடு காலி.

முதல் நாள் கன்னியாகுமரி போகும் வழியில் சுசீந்திரம் குளத்தைப் பார்த்ததும் கை பரபரத்தது. நண்பன் அதட்டினான். சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைச் சரணாலயம், 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறியவை. அங்கே பையைத் திறக்கவே கூடாது. மற்ற குளங்களிலும் மீன் பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும், கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான். எங்கள் குளத்துக் குத்தகைக்காரர் நல்ல மனுஷன், 100 ரூபாயோடு விட்டார்.

குளம் முழுக்கத் தாமரை. காலை ஆறரை மணிக்குத் தண்ணீரில் கை வைத்தேன், சில்லென்றுகூட இல்லை. இலைகளுக்கு நடுவே அவ்வப்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம். விரால் மூச்சு வாங்க மேலே வருகிறது. செவுள் மட்டும் அதற்குப் போதாது, காற்றையும் விழுங்கியாக வேண்டும். சத்தம் வந்த இடத்துக்குத் தவளையை வீசி இலைமேல் தத்தத் தத்த இழுத்தேன். பத்தாவது வீச்சில் இலை அப்படியே எழும்பிப் பிளந்தது. இழுத்தேன் பாருங்கள், நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. மறுமுனையில் மீன் இல்லை, தாமரைத் தண்டு. தங்கூசி அறுந்தது. 450 ரூபாய் தண்ணீரில்.

பக்கத்தில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். "வெள்ளம் நெறஞ்சு கெடக்கு மக்ளே. மீனு பரந்துல்லா கெடக்கும். மாசில வெள்ளம் வத்தட்டும், அப்ப வா" என்றார். வெள்ளமா, எங்கே என்று நான் சுற்றிப் பார்த்தேன். இந்தப் பக்கம் தண்ணீரையே வெள்ளம் என்பார்கள் என்று நண்பன் காதில் சொன்னான்.

விஷயம் விளங்கியது. ஃபுளோரிடாவில் பாஸைக் கரைக்கு ஏற்றுவது தண்ணீரின் சூடு. இங்கே சூடு எப்போதும் இருக்கிறது, மழை வடிவதுதான் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளத்தில் விரால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைச் சொன்ன பெரியவர், உயிர்த்தவளை கோத்த தூண்டிலில் முழங்கை நீள விரால் ஒன்றை அலுங்காமல் தூக்கினார். கறுத்த முதுகு, பாம்புத் தலை. கரையில் போட்டும் துள்ளித் துள்ளித் தண்ணீரைப் பார்த்தே நகர்ந்தது. விலை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சாப்பாடுதான் என்னைக் காப்பாற்றியது. ரோட்டோர ஓலைக்கடையில் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மசித்த 'மயக்கியது', மேலே தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு, 80 ரூபாய். குழம்பு இரண்டாம் முறை கேட்காமலே வந்தது. கட்டன் சாயாவும் இரண்டு பழம்பொரியும் தனி. பேச்சிப்பாறை அணை, மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் திட்டத்தில் இருந்தன. உண்ட மயக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

நேற்று நண்பன் போன் செய்தான். குளிக்க இறங்கிய பையன் ஒருவன் தவளையை எடுத்துவிட்டானாம், 50 ரூபாய் கேட்கிறானாம். கொடுத்துவிடச் சொன்னேன்.