கொண்டல் காற்றும் எண்பது வாயும்: ஒரு கொள்ளைக் கப்பல் கேப்டனின் நாட்குறிப்பு

கணினி கேம்: சிட் மேயர்ஸ் பைரேட்ஸ்! 1987-ல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்டது அல்ல, ஃபிராக்சிஸ் 2004-ல் புதிதாகச் செய்த பதிப்பு. தேதிகள் கேமுக்குள் ஓடும் காலண்டர்படி. கொடி இங்கிலாந்து, ஐந்து கடின நிலைகளில் நடுவிலுள்ள அட்வெஞ்சரர்.

1660, மே 3

தொடங்கும்போதே ஒரு திறமையைக் கேட்கும்: வாள்வீச்சு, பீரங்கி, கடலோட்டம், மருத்துவம், பேச்சும் கவர்ச்சியும். பெரும்பாலோர் யோசிக்காமல் வாள்வீச்சை எடுப்பார்கள். ஆரம்ப வருடங்களில் அது இனிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த கேமில் கேப்டனுக்கு வயதாகும். வயது ஏற ஏற வாள் மெதுவாக இறங்கும்; எதிராளி பழைய வேகத்திலேயே இருப்பான். மருத்துவம் எடுத்தால் அந்தத் தளர்ச்சி தள்ளிப்போகும், காயம்பட்ட மாலுமிகளும் அதிகம் பிழைப்பார்கள். இந்தக் கேப்டனுக்கு மருத்துவம்.

1660, மே 19. போர்ட் ராயல்

ஜமைக்காவை ஸ்பெயினிடமிருந்து இங்கிலாந்து பிடித்தது 1655-ல். அதனால் 1660-ல் தொடங்குபவருக்கு இந்தத் துறைமுகம் தாய்வீடு. முதலில் கவர்னர் மாளிகை: யாரோடு யாருக்குப் போர் என்று கேட்டு, எதிரிக் கப்பலைப் பிடிக்க அரசு தரும் உரிமச் சீட்டை வாங்கிவிட வேண்டும். அடுத்து மதுக்கடை. அங்கே ஆள் சேர்க்கலாம், செய்தி கேட்கலாம், மூலையில் உட்கார்ந்திருக்கும் பயணியிடம் தொலைநோக்கி, பூட்டுத் திறக்கும் கம்பி, நடனக் காலணி போன்றவற்றை வாங்கலாம். கையில் காசு கொஞ்சமென்றால் தொலைநோக்கிக்குத்தான் முதலிடம். தூரத்துக் கப்பலை முன்கூட்டியே பார்ப்பவன்தான் துரத்துவதா ஒதுங்குவதா என்று முடிவுசெய்ய முடியும்.

எத்தனை பேர் வருகிறோம் என்று சொன்னாலும் அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இப்போதைக்கு எண்பது. காரணம் பின்னால்.

1660, ஜூன் 11

ஜமைக்காவுக்குத் தெற்கே. கரீபியனில் காற்று பெரும்பாலும் கொண்டல், கிழக்கிலிருந்து மேற்கே. மேற்கே கேம்பெச்சே பக்கம் இறங்குவது நொடியில் முடியும். திரும்பி பார்படோஸுக்கு ஏறுவதற்குள் காலண்டரில் மாதங்கள் உருண்டிருக்கும். அதனால் பயணத்தைக் கிழக்கிலிருந்தே திட்டமிட வேண்டும்: பார்படோஸ், மார்ட்டினிக், அங்கிருந்து குமானா, கராக்கஸ், குராசாவ், கார்டஹேனா என்று தென்கரையோரம் இறங்கி, போர்ட்டோ பெல்லோவைத் தொட்டு, வடக்கே ஜமைக்கா.

காற்றுக்கு நேர் எதிரே முகப்பை வைத்தால் எந்தக் கப்பலும் ஊரத்தான் செய்யும். கொஞ்சம் வடக்கு, கொஞ்சம் தெற்கு என்று மாற்றி மாற்றி வெட்டி ஏற வேண்டும். இதில் ஸ்லூப் என்ற சிறிய கப்பல் வகைக்கு ஈடில்லை. சதுரப்பாய் கட்டிய பெரிய கப்பல்கள் பின்காற்றில் பறக்கும், எதிர்காற்றில் படுத்துவிடும். புயல் மேகத்தின் ஓரத்தை உரசிப் போனால் வேகம் கூடும். உள்ளே மாட்டினால் பாய் கிழியும்.

1660, ஜூலை 2

சாந்தியாகோவுக்குக் கிழக்கே ஒரு ஸ்பானிஷ் வணிகக் கப்பல்.

குண்டு மூன்று வகை. உருண்டைக் குண்டு தூரம் போகும். உடலையும் பீரங்கிகளையும் உடைக்கும். சங்கிலிக் குண்டு பாயையும் மரத்தையும் அறுக்கும். சல்லிக் குண்டு ஆளைச் சாய்க்கும், ஆனால் கிட்டத்தில் மட்டும். சங்கிலியும் சல்லியும் கப்பல் பட்டறையில் அந்தக் கப்பலுக்கென்று வாங்கினால்தான் வரும். பாய் விஷயத்தில் ஒரு நடைமுறை: துரத்தும்போது முழுப்பாய், குண்டு பரிமாறும்போது பாய் சுருக்கம். சுருக்கினால் திரும்புவது சட்டென்று நடக்கும், பாயில் அடியும் குறைவாக விழும்.

சரக்குக் கப்பலை உருண்டைக் குண்டால் சாத்துவது நம் பணத்தை நாமே கடலில் கொட்டுவதற்குச் சமம். ஓட்டை விழுந்த கப்பலுக்குத் துறைமுகத்தில் விலை இறங்கும், அதற்குள் அது மூழ்கியும் போகலாம். எதிரி வேகமாக ஓடினால் மட்டும் ஒரு சுற்று சங்கிலி. பிறகு அதன் பின்புறமாக ஒட்டி வந்து, பக்கவாட்டைக் காட்டிச் சல்லி. ஆள் பாதியாகிவிட்டால் பல கேப்டன்கள் வாளை உருவாமலே கொடியை இறக்கிவிடுவார்கள்.

1660, செப்டம்பர் 27

போர்க்கப்பல் என்றால் கொடி இறங்காது, வாள்தான். மெல்லிய ரேப்பியர் வேகம். கனமான கட்லஸ் தாக்க மெதுவானாலும் தற்காப்பில் கைகொடுக்கும். நீளவாள் இரண்டுக்கும் நடுவே. நம் பக்கம் ஆள் குறைவாக இருக்கும்போது ரேப்பியர் நல்லது. பின்னால் மாலுமிகள் மோதிக்கொண்டே இருக்கிறார்கள். சண்டை நீள நீள அந்த எண்ணிக்கை கரைகிறது. நம் ஆள் தீருவதற்குள் எதிர்க் கேப்டனைத் தள்ளியாக வேண்டும்.

மேலே வீசினால் குனி, கீழே வீசினால் குதி, நேரே குத்தினால் தடு. கண் எதிராளியின் தோளில் இருக்க வேண்டும், வாளின் நுனியில் அல்ல. கை பின்னே போகும் அந்தக் கணத்திலேயே எந்த வீச்சு என்று தெரிந்துவிடும். அவன் வீச்சு காற்றில் போனதும் நேர்க்குத்து, வேகமானது அதுதான். அகலமான வீச்சுக்கு ஆசைப்பட்டால் நாம் திறந்து கிடப்போம்.

1661, ஜனவரி 14. குராசாவ்

பிடித்த கப்பல்களை இங்கே விற்றாயிற்று. எட்டுக் கப்பல் வரை கூட வைத்துக்கொள்ளலாம் என்பதால் எட்டையும் இழுத்துக்கொண்டு திரிவது வழக்கமான தப்பு. அணியின் வேகம் அதிலுள்ள மெதுவான கப்பலின் வேகம். பாய் கிழிந்த ஒரு ஃப்ளூட் (சரக்குக் கப்பல்) பின்னால் வந்தால் ஒய்யார ஸ்லூப்பும் அதனுடன் தவழ வேண்டியதுதான். கிட்டிய நட்புத் துறைமுகத்தில் விற்றுவிடுவது உத்தமம்.

தலைமைக் கப்பலுக்குச் செலவழிக்கலாம். செப்புத் தகடு அடித்தால் கப்பல் சட்டென்று திரும்பும். மூன்றடுக்குத் தூங்குவலை கட்டினால் அதிக ஆள். இரும்புச் சட்டம் போட்டால் உடல் உறுதி. பருத்திப் பாய், வெண்கலப் பீரங்கி, நயமான வெடிமருந்து இன்னும் உண்டு. எல்லாத் துறையிலும் எல்லாம் கிடைக்காது; எங்கே எது என்று குறித்து வைக்க வேண்டும். முதலில் செப்புத் தகடு. (பிரிட்டிஷ் கடற்படை ஒரு போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது 1761-ல்தான். கேம் நூறு வருடம் முந்திக்கொள்கிறது.)

48 பீரங்கி ஏற்றும் ஷிப் ஆஃப் தி லைன் என்ற பெரிய போர்க்கப்பல்தான் உச்சம் என்று பலரும் தேடி அலைவார்கள். கேப்டனின் அன்றாடப் பிழைப்புக்கு அது தேவையே இல்லை. ஒரு நல்ல போர்-ஸ்லூப், அல்லது போர்-பிரிக் போதும்.

1662, மார்ச் 8

கப்பலில் முணுமுணுப்பு. எண்பது பேர் என்றதற்குக் காரணம் இதுதான்.

மாலுமிகளின் மனநிலை இரண்டு கணக்கில் நடக்கிறது: கரையை விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று, பெட்டியில் உள்ள தங்கம் தலைக்கு எவ்வளவு வரும். பெட்டியில் 12,000 இருந்தால் எண்பது பேருக்குத் தலைக்கு 150. அதே பணத்துக்கு 240 பேர் என்றால் 50. அந்த ஐம்பதுக்கு யாரும் இரண்டு வருடம் வெயிலில் காயமாட்டார்கள். முகம் சிவந்தால் துறைமுகத்தில் ஆட்கள் நழுவுவார்கள். முற்றினால் ஒரு கப்பலையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உணவும் தலைக்கணக்குத்தான்: எண்பது பேருக்கு ஆறு மாதம் வருவது 240 பேருக்கு இரண்டே மாதம்.

பிடிபடும் கப்பல்களில் சமையல்காரன் இருந்தால் விடக்கூடாது, மனக்கசப்பைத் தணிப்பான். பீப்பாய்க்காரன் உணவு கெடுவதைக் குறைப்பான். தச்சன், பாய் தைப்பவன், வைத்தியன் எல்லோரும் இப்படிப் பிடிபட்ட கப்பல்களிலிருந்து வருபவர்களே.

1662, ஆகஸ்ட் 30

பதவி உயர்வு: கேப்டன், மேஜர், கர்னல், அட்மிரல், பிறகு பாரன் (Baron), கவுண்ட், மார்க்விஸ், ட்யூக். உயர உயர கவர்னரின் மகளோடு நடனத்துக்கு அழைப்பு. அவள் கையைப் பார்த்து ஆட வேண்டும், காலைப் பார்த்தால் இடறும். இதற்குமேல் எழுத இதில் ஒன்றுமில்லை.

1663, பிப்ரவரி 5

இப்போது ஆள் சேர்க்கும் காலம். ஒரு பெரிய ஊரை அடிக்கப் போகிறோம்: போர்ட்டோ பெல்லோ. கொள்ளைத் தலைவர் ஹென்றி மோர்கன் நிஜத்தில் அதைப் பிடித்தது 1668-ல்.

ஊரை அடிக்கும் முறை: ஆள் சேர்ப்பு கடைசி இரண்டு துறைமுகங்களில், ஒரே மூச்சில். முன்பே சேர்த்தால் போய்ச் சேர்வதற்குள் உணவும் பொறுமையும் தீரும். ஊருக்குச் சற்றுத் தள்ளி இறங்க வேண்டும். கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் கப்பலை நிறுத்துவதில் பெருமை எதுவும் இல்லை. தரைச்சண்டை சதுரங்கம் மாதிரி முறைவைத்து நடக்கும். துப்பாக்கிக்காரர்களை மரக்கூட்டத்துக்குள் வைத்து எதிரியை வரவிட வேண்டும். வாள்காரர்கள் பக்கவாட்டில் சுற்ற வேண்டும். நேருக்கு நேர் மோதிச் செத்தவர்களைவிடப் பக்கவாட்டில் அடிபட்டுச் சிதறியவர்கள் எப்போதும் அதிகம். குதிரைப்படை திறந்த வெளியில் கொடூரம், காட்டுக்குள் அத்தனை மோசமில்லை. ஒரே ஒரு குழு ஊர் வாசலைத் தொட்டுவிட்டாலும் ஊர் நம்முடையது. மிச்சமுள்ள படை போதுமான பலத்தோடு இருந்தால் புது கவர்னரையே அமர்த்தலாம். இங்கிலாந்துக்குக் கொடுத்தால் அடுத்த பதவியும் நிலமும் தேடி வரும்.

1663, ஏப்ரல் 17. போர்ட் ராயல்

பங்கு பிரித்தாயிற்று. ஊரை அடித்த கையோடு பிரிப்பதுதான் சரி. முந்நூறு பேரை வைத்துக்கொண்டு அடுத்த வேட்டைக்குப் போனால் தலைக்கணக்கு தேய்ந்து, வென்ற படையே கலகப் படையாகும்.

பிரிக்கும்போது தலைமைக் கப்பலைத் தவிர மற்றவை போய்விடும், ஆட்களும் கலைவார்கள், சில மாதங்களும் போகும். ஆகவே மற்ற கப்பல்களை முன்னாலேயே விற்றுக் காசாக்கிப் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கு நிலையை உயர்த்தலாமா என்று கேட்கும். உயர்த்தினால் கேப்டனின் பங்கும் உயரும்.

இதில் கேம் கேப்டனுக்கு ரொம்பவே தாராளம். நிஜக் கொள்ளையர் பார்த்தலோமியோ ராபர்ட்ஸின் கப்பல் விதிகளில் கேப்டனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் தலா இரண்டு பங்குதான், சாதாரண மாலுமிக்கு ஒன்று. ஆனால் ஆத்திரம் மட்டும் அசல். 1671-ல் மோர்கன் பனாமாவைக் கொள்ளையிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூட நடந்தார்கள். பிரித்துப் பார்த்தால் தலைக்கு வந்தது சொற்பம். ஏமாற்றிவிட்டான் என்று ஆட்கள் கொதித்தபோது மோர்கன் சில கப்பல்களோடு நழுவிவிட்டார்.

1666, அக்டோபர் 21

மற்ற பெயர்போன கொள்ளையர்களும் இதே கடலில் திரிகிறார்கள்: மோர்கன், லொலொனே, ராக் பிரசிலியானோ, பிளாக்பியர்ட், ஸ்டீட் பானெட், கிட், ஜான் லஃபீட். வீழ்த்தினால் புகழ் ஏறும். காலம் பற்றிக் கேட்கக்கூடாது. பானெட்டைத் தூக்கிலிட்டது 1718-ல்; லஃபீட் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்.

மதுக்கடையில் ஸ்பானிஷ் புதையல் அணி பற்றிய பேச்சு. பீட் ஹெய்ன் என்ற டச்சுக்காரர் 1628-ல் கியூபாவின் மட்டான்சாஸ் விரிகுடாவில் இந்த அணியைப் பிடித்தார். 1987 பதிப்பில் அதைத் தனிப் பயணமாகவே ஆடலாம். அந்தப் பழைய பதிப்பில், புதையல் அணியோ வெள்ளி ஏற்றிய கழுதை வரிசையோ எந்த ஊருக்கு எப்போது வரும் என்று கேட்டுத்தான் ஆட்டமே தொடங்கும். விடை அச்சிட்ட கையேட்டில். கள்ளப் பிரதிக்காரரைப் பிடிக்க வைத்த பொறி, வரலாற்றுப் பாடமாகவும் ஆகிவிட்டது.

1670, ஜூன் 9

கேமின் ஸ்பானிஷ் வில்லன்களில் ஒருவரான பாரன் ரேமண்டோவைத் துரத்திப் பிடிக்க, கேப்டனின் காணாமற்போன குடும்பத்தார் இருக்குமிடத்தின் வரைபடத் துண்டு ஒன்று கிடைத்தது. துண்டு சேரச் சேர இடம் தெளியும். ஆனால் இரண்டு அடையாளங்கள் கடற்கரையோடு பொருந்தினால் மிச்சத் துண்டுக்குக் காத்திராமல் இறங்கிவிடலாம். கரையில் நடப்பவர்களுக்கும் காலண்டர் ஓடும்; சதுப்பிலும் மலையிலும் நடை மந்தம். அடையாளத்துக்கு மிக அருகே கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே இறங்க வேண்டும்.

1674, டிசம்பர் 2

சிறை. ஆள் குறைந்த நிலையில் போர்க்கப்பலோடு மோதினால் முடிவு இதுதான். தங்கம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். போன மாதங்கள் கேப்டனின் வயதில் சேர்ந்துவிடும். பூட்டுக் கம்பி இருந்தால் தப்பும் வாய்ப்பு கூடும்.

ஸ்பெயின் கோபமாக இருந்தால் ஜெசூயிட் மடத்து மடாதிபதியிடம் போய்ப் பேசலாம். சண்டையில்லாமல் பகை தணிக்கும் மலிவான வழி அது.

1681, மார்ச் 26

எதிராளியின் கை பின்னே போவது தெரிகிறது. தடுக்கக் கட்டளை கொடுத்தும் கேப்டனின் வாள் பிந்தி எழுகிறது. கேமின் முதன்மை வில்லன் மாண்டல்பானை மிச்சம் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்துக்கு முன்பே அந்தக் கணக்கைத் தீர்த்திருக்க வேண்டும்.

கடைசிப் பங்கு பிரித்துவிட்டு ஓய்வு. சேர்த்த பணம், நிலம், பதவி, திருமணம், மீட்ட குடும்பம், வீழ்த்திய கொள்ளையர், தோண்டிய புதையல், கண்டுபிடித்த நான்கு தொல் நகரங்கள் எல்லாம் கணக்கில் சேரும். கூட்டுத்தொகையைப் பொறுத்துக் கடைசிக்கால வாழ்க்கை அமையும். பணத்தை மட்டும் குவித்தவர் நடுவில் எங்கோ நிற்பார். வேட்டையில் இருபது வருடத்தையும் கழித்துவிட்டு, வரைபடங்களைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களுக்குக் கடைசித் திரையில் பெரும்பாலும் சின்னப் பிழைப்புத்தான் எழுதியிருக்கும்.