சின்ன காருக்கு எந்த எல்எஸ்டி?

முன்சக்கரங்கள் இழுக்கும் சின்ன கார் என்னுடையது. இறுக்கமான வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்பக்கச் சக்கரம் சும்மா சுழல்கிறது. என்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரென்ஷியலின் குணமே அதுதான்: பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ, மற்றதற்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

சரி, ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) போட்டுவிடலாம். தகடுகள் உரசிப் பிடிக்கும் பிளேட் வகையா, ஹெலிகலா? பிளேட் வகை ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் வேலை செய்யும். ஆனால் தகடுகள் தேயும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் கடகடவென்று சத்தம் வேறு. (பக்கத்தில் இருப்பவர் கார் உடைந்துவிட்டது என்றே நினைப்பார்!) ஹெலிகலில் பல்சக்கரங்கள்தான், சத்தமில்லை, சக்கரம் தரையை விட்டு எழுந்தால் மட்டும் கைவிரித்துவிடும். தினமும் ஓட்டுகிற காருக்கு என் ஓட்டு ஹெலிகலுக்கே. எல்எஸ்டியைப் பொருத்த எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சையும் அப்போதே மாற்றிவிடப் போகிறேன்.