சால் குட்மேன் பாலைவனத்தில் உளறிய இரண்டு பெயர்கள்

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டுக்கு எதிரே செராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன், எங்கள் சீனியரிடம் ஜூனியராக இருக்கும் வக்கீலம்மா ஒருவர், நான் என்று மூன்று பேர் கொண்ட சபை ஒன்று உண்டு. பேச்சு பெரும்பாலும் 'பெட்டர் கால் சால்' என்ற அமெரிக்கத் தொடர் பற்றித்தான். போதைப்பொருள் கதையான 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு அது முன்கதை. தொடர் 2022 ஆகஸ்டில் முடிந்துவிட்டது, எங்கள் வழக்கு மட்டும் வாய்தாவிலேயே ஓடுகிறது. போன வாரம் மறுபடி கிளம்பியது: முன்கதையில் 'பிரேக்கிங் பேட்' ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தார்களே, அதில் யார் வந்தது உருப்படி, யார் வந்தது சும்மா கை காட்டிவிட்டுப் போவதற்கு? டீக்கடையில் என்னை முழுதாகப் பேச விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு தொடர்களையும் பார்க்காதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லா முடிச்சுகளையும் அவிழ்க்கப்போகிறேன்.

முதலில் அந்தப் பாலைவனம். 2009 ஏப்ரலில் வந்த பிரேக்கிங் பேட் இரண்டாம் சீசனின் எட்டாவது எபிசோடு. போதைப்பொருள் காய்ச்சும் வால்டர் ஒயிட்டும் அவர் கூட்டாளி ஜெஸ்ஸியும் முகமூடி போட்டுக்கொண்டு வக்கீல் சால் குட்மேனைக் கடத்தி, வெட்டிய குழிக்கு முன்னால் மண்டியிட வைக்கிறார்கள். உயிர் பயத்தில் மனிதர் உளறுகிறார்: நான் இல்லை, இக்னேசியோதான் செய்தான். ஆட்கள் வேறு யாரோ என்று தெரிந்ததும் மூச்சு விட்டுக்கொண்டு, லாலோ உங்களை அனுப்பவில்லையா என்று கேட்கிறார். அவ்வளவுதான். இக்னேசியோ யார், லாலோ யார் என்று யாரும் கேட்கவில்லை. குற்றப்பத்திரிகையில் தகப்பனார் பெயரும் முகவரியும் இல்லாமல் கிடக்கும் இரண்டு சாட்சிகளைப் போல அந்தப் பெயர்கள் கிடந்தன.

அந்த எபிசோடை எழுதிய பீட்டர் கோல்டும், மூலத்தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும் சேர்ந்துதான் 2015 பிப்ரவரியில் முன்கதையைத் தொடங்கினார்கள். இக்னேசியோ முதல் சீசனிலேயே நாச்சோ என்ற பெயரில் வந்துவிட்டான். லாலோ வருவதற்கு 2018 ஆயிற்று, நான்காம் சீசனில் எட்டாவது எபிசோடு. சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நின்று, சிரித்துக்கொண்டே நாச்சோவுக்குச் சாப்பாடு பரிமாற வருகிறான் அந்த மனிதன். டோனி டால்டனின் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், பாலைவனத்தில் சால் ஏன் அப்படி வியர்த்துப்போனார் என்று புரிந்தது. ஒரு தடவை செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஆள் உயிரோடு வீட்டு வாசலில் வந்து நின்றால், இரண்டாம் தடவை செத்தான் என்று யார் சொன்னாலும் நம்ப முடியுமா?

முன்கதையின் சங்கடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடியாள் மைக் ஆற்றங்கரையில் சாகப்போகிறார், போதைப்பொருள் முதலாளி கஸ் ஃப்ரிங்குக்குப் பாதி முகம் போகப்போகிறது. அதுவரை துப்பாக்கியை நெற்றியில் வைத்தாலும் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது. "அப்புறம் என்ன பயம், அண்ணாச்சி?" என்று செராக்ஸ் தம்பி ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டே இருந்தான். நியாயமான கேள்வி. பதில் கிம் வெக்ஸ்லர். பிரேக்கிங் பேடில் அந்தப் பெயரே கிடையாது. சாலின் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய இடத்தில் இருந்த பெண் பிற்பாடு எங்கே போனாள்? செத்தாளா, ஓடினாளா, பேசக்கூடாத பெயராக ஆனாளா? கிம்மாக நடித்த ரியா சீஹார்ன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்கும் காட்சியில்கூட எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. உயிருக்கு உத்தரவாதம் உள்ளவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். பயம் முழுக்கப் புது ஆட்கள் தலையில். நாச்சோ, வக்கீல் ஹவர்ட், கிம் மூவருக்காகவும் நாங்கள் பட்ட பாடு வால்டருக்காகக்கூடப் பட்டதில்லை.

திரும்பி வந்தவர்களில் என் முதல் மதிப்பெண் கஸ்ஸுக்கு என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. ஆனாலும் அவர் வந்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முன்கதையின் இரண்டாம் சீசனில் பத்து எபிசோடுகள். அவற்றின் ஆங்கிலத் தலைப்புகளின் முதல் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'ஃப்ரிங் திரும்பிவிட்டான்' என்று பொருள்படும் வாசகம் வருகிறது. 2016-இல் ரசிகர்கள் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே மூன்றாம் சீசனில் அவர் வருவார் என்று ஊருக்கே தெரியும். நம் ஊர் படமாக இருந்தால் முதலில் காலைக் காட்டி, பிறகு முதுகைக் காட்டி, தவில் நாதஸ்வரத்தோடு இறக்கியிருப்பார்கள். இங்கே என்ன நடக்கிறது? ஜிம்மி, அதாவது பெயர் மாற்றுவதற்கு முந்தைய சால், கஸ்ஸின் கோழிக்கறிக் கடையில் உட்கார்ந்து தோள்பை ஆள் ஒருவனை வேவு பார்க்கிறான். கேமராவும் ஜிம்மி மீதே கண்ணாக இருக்கிறது. பின்னால், மங்கலாக, மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக்கொண்டு வருகிறார். அவ்வளவுதான் அறிமுகம். பிறகு ஜிம்மி குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவும்போது பக்கத்தில் வந்து, உதவட்டுமா என்று பணிவாகக் கேட்கிறார். கடிகாரம் விழுந்துவிட்டது என்று ஜிம்மி புளுக, அவரே அதை எடுத்துக் கொடுக்கிறார். ஊரையே நடுங்கவைக்கும் போதைப்பொருள் வியாபாரி! ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ கண்ணை மட்டும் ஒரு கணம் நிறுத்துகிறார். அந்த ஒரு கணத்தில் ஜிம்மியின் பொய் முழுவதும் அளக்கப்பட்டுவிட்டது.

என் முதல் மதிப்பெண், பிரேக்கிங் பேடில் சாலின் மெய்க்காவலனாக வரும் ஹூயலுக்கு. இதைச் சொன்னதும் வக்கீலம்மா டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும், காரணம் சொல்கிறேன்.

ஜிம்மியின் அண்ணன் சக், பெரிய வக்கீல். மின்சாரம் பக்கத்தில் இருந்தாலே உடம்பு எரிகிறது என்று வீட்டில் விளக்குகூட இல்லாமல் வாழ்கிறவர். கிம்முக்கு உதவுவதற்காக ஜிம்மி அண்ணனின் ஆவணங்களைத் திருடி, ராத்திரியோடு ராத்திரியாகச் செராக்ஸ் கடையில் உட்கார்ந்து, பிளேடால் வெட்டிப் பசையால் ஒட்டி, 1216 என்ற கதவு எண்ணை 1261 ஆக மாற்றிவிடுகிறான். பத்திரத்தில் சர்வே எண்ணின் ஓர் இலக்கம் இடம் மாறினால் கட்சிக்காரர் என்ன பாடு படுவார் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காட்சியை நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். தம்பியின் கவலை வேறு: "ஒட்டின விளிம்பின் நிழல் காப்பியில் விழுந்திருக்கும், அண்ணாச்சி. வெளிச்சத்தைக் கூட்டி எடுத்திருப்பான்." தொழில் புத்தி.

இந்த வழக்குதான் சுற்றிச் சுற்றி 2017 மே மாதம் வந்த அந்த விசாரணைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. வக்கீல் தொழிலில் ஜிம்மி நீடிக்கலாமா என்று பார் கவுன்சில் குழு விசாரிக்கிறது. சாட்சி சொல்ல வந்த சக் மாடிப்படியில் ஏறும்போது ஒரு பருத்த உருவம் மோதி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்கிறது. மூலத்தொடரைப் பார்த்தவர்கள் அந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜெஸ்ஸியின் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டைத் தெரியாமல் எடுத்த அதே விரல்கள் அல்லவா! பார்க்காதவர்களுக்கு அது யாரோ ஒரு தடியர். இருவருக்கும் காட்சி ஓடுகிறது, ஆனால் வேறு வேறு சூட்டில். சாட்சிக் கூண்டில் சக்கை நிற்கவைத்து, உங்கள் சட்டைப்பையைப் பாருங்கள் என்கிறான் ஜிம்மி. உள்ளே கைப்பேசி பேட்டரி. ஒரு மணி நேரம் 43 நிமிடமாக உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தும் மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு சக்காக நடித்த மைக்கேல் மெக்கீன் உடைந்து கொட்டுகிற பேச்சை, இங்கிலாந்தின் மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு அடுத்த வருடம் 1216, அது எனக்கு மறக்குமா என்று அலறுகிறதை, நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஹூயல் பேசியது இரண்டு வார்த்தை. அவன் வராவிட்டால் அந்த அண்ணன் தம்பிக் கதையே முறிந்திருக்காது. திரும்பி வருகிறவன் வேலையோடு வர வேண்டும் என்பது என் கட்சி.

லாலோவின் மாமா ஹெக்டர் சலமான்காவின் மணியும் இந்தக் கணக்கில் சேரும். சக்கர நாற்காலியில் கட்டியிருக்கும் அந்த மணியால்தான் கடைசியில் கஸ்ஸின் உயிரே போகிறது. அது எங்கிருந்து வந்தது? ஹோட்டல் முதலாளி ஒருவனைக் கொன்று, ஹோட்டலையும் எரித்தபோது முகப்பு மேசையிலிருந்து எடுத்துவைத்த நினைவுப்பொருள் என்று லாலோ கதை சொல்லி மாமாவிடம் கொடுக்கிறான். நாற்காலி எங்கிருந்து வந்தது? நாச்சோ மாத்திரைகளை மாற்றியதால். தன்னைச் சுட்டுக்கொள்ளும் முன் நாச்சோ அதை ஹெக்டரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறான். பிரேக்கிங் பேடில் ஹெக்டரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனிச் சிரிக்க முடியாது.

போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் ஹாங்க், கோமஸ் இருவரும் ஐந்தாம் சீசனில் வந்தார்கள். போதைப்பொருள் விற்கும் கிரேஸி எயிட் எப்படிப் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவனாக ஆனான் என்பதற்கு அங்கே விடை கிடைத்தது. சரி, பாஸ் மார்க்.

மைக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்தப் பாத்திரம் பிறந்ததே விபத்து. பிரேக்கிங் பேட் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடுக்கு, சாலாக நடித்த பாப் ஓடென்கிர்க் வேறொரு நகைச்சுவைத் தொடரில் மாட்டிக்கொண்டிருந்ததால், சாலுக்குப் பதிலாக அனுப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவர் ஜோனதன் பேங்க்ஸ். மகனைச் சக போலீஸ்காரர்களே கொன்ற கதையை முன்கதையின் முதல் சீசன் ஆறாவது எபிசோடில் அவர் சொல்லும் இடத்துக்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க எனக்குத் தெம்பில்லை. தம்பிக்கு ஒரே குறை: மைக் முன்கதையில் கிழவராகவும் பின்கதையில் இளையவராகவும் தெரிகிறார். தெரிகிறார்தான். 1947-இல் பிறந்தவரை 2022-இல் எங்கே கொண்டுபோய் மறைப்பது? அவர் வாயைத் திறந்ததும் எனக்கு அது மறந்துபோய்விடுகிறது.

பெரிய சண்டை வால்டர், ஜெஸ்ஸி பற்றியது. 2022 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான எபிசோடின் பெயரே 'பிரேக்கிங் பேட்'. அதே பாலைவனத்து இரவு, குழிப் பேச்சு முடிந்து வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது பொருட்காட்சியில் பழைய சாமானைப் பார்த்த மாதிரிதான் பட்டது. ஆரன் பால் 40 வயதைத் தாண்டிய பிறகு இருபதுகளில் இருக்கும் பையனாகக் கத்துகிறார், குரல் ஒத்துழைக்கவில்லை. வக்கீலம்மா விடவில்லை. "அண்ணாச்சி, அந்தக் காட்சியில் ஜெஸ்ஸி என்ன கேட்கிறான் என்று கவனித்தீர்களா? லாலோ யார் என்று கேட்கிறான். 13 வருடமாக யாரும் கேட்காத கேள்வி. சால் மழுப்பிவிடுகிறார். நீங்கள் கேட்ட வேலை அதுதானே?" என்றார். குறுக்கு விசாரணையில் நல்ல கேள்வி. அந்த ஒரு வரிக்காகக் காட்சியை மன்னிக்கிறேன், வண்டியின் மீதி ஆட்டத்துக்காக அல்ல.

எனக்குப் பிடித்த ஜெஸ்ஸி அதற்கு அடுத்த எபிசோடில் இருக்கிறான். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிம் வெளியே வருகிறாள், மழை. தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கும் பையன் சிகரெட் கேட்கிறான். நண்பனுக்கு வழக்கு, உள்ளே இருக்கும் வக்கீல் கெட்டிக்காரரா என்று விசாரிக்கிறான். எனக்குத் தெரிந்த காலத்தில் கெட்டிக்காரர்தான் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடுகிறாள். இரண்டு தொடர்களும் அங்கே ஒரு சிகரெட் நேரம் ஒன்றாக நிற்கின்றன. இதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அபூர்வமாக.

ஹவர்டைச் சொல்லாமல் விட்டால் தம்பி கோபித்துக்கொள்வான். 2022 மே கடைசியில், கோர்ட் விடுமுறை நாட்களில், கிம்மின் வீட்டு மெழுகுவர்த்திச் சுடர் ஆடி லாலோ உள்ளே நுழைந்தானே, அன்று எங்கள் மூவரின் போனும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஹவர்டையும் லாலோவையும் ஒரே குழியில் போட்டு மூடுகிறார்கள். அதன் மேல்தான் கஸ்ஸின் ஆய்வுக்கூடம் எழும்புகிறது. வால்டர் ஓர் ஈயைத் துரத்திக்கொண்டு ஓர் எபிசோடு முழுக்க அங்கே ஓடுவாரே, அதைத் தம்பி திரும்பப் போட்டுப் பார்த்தான். "காலுக்குக் கீழே இரண்டு பேர் கிடக்கிறார்கள், இவர் ஈயைப் பிடிக்கிறார்" என்று இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தான்.

இப்போதைய தகராறு கஸ்ஸின் சிலி நாட்டுக் காலம். அங்கே அவர் யாராக இருந்தார், எதற்காக மெக்சிகோ கும்பலின் தலைவர் டான் எலாடியோ அவரைக் கொல்லாமல் விட்டார் என்பதை இரண்டு தொடர்களும் சொல்லவே இல்லை. அதையும் ஒரு முன்கதையாக எடுக்க வேண்டும் என்று தம்பி அடம்பிடிக்கிறான், வக்கீலம்மா அவன் பக்கம் சாய்கிறார். நான் கூடாது என்கிறேன். லாலோ ஒழிந்த பிறகு கஸ் ஒரு மதுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து, ஒயின் பரிமாறுகிறவர் சொல்லும் பயணக் கதையை முகம் மலர்ந்து கேட்கிறார். அந்த மனிதர் புட்டி எடுக்க உள்ளே போன இடைவெளியில் முகம் மெல்ல மூடிக்கொள்கிறது. பணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். சிலியில் என்ன இழந்தார் என்று இதற்கு மேல் எனக்கு எதற்கு? "அது உங்களுக்குப் போதும், அண்ணாச்சி. எனக்குத் துப்பாக்கி வேண்டும்" என்கிறான் தம்பி. இளவயது கஸ்ஸாக யார் நடிக்கலாம் என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டான், அதுவும் என் வக்காலத்துப் படிவத்தின் பின்பக்கத்தில்.